எந்த மின்சாரத்தின் பக்கம் நிற்பது? பசுமை வாக்குறுதிகளை எளிதில் நம்பாதவர்களுக்கு ஒரு ஒப்பீடு

எரிசக்தி அரசியலில் இன்று இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்கின்றன. ஒன்று, இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிலக்கரியையும் எரிவாயுவையும் தலைமுழுகிவிட்டுக் காற்றிலும் வெயிலிலும் காலம் தள்ளிவிடலாம் என்கிறது. மற்றொன்று, புவி வெப்பமடைதலே கட்டுக்கதை என்கிறது. இரண்டையும் நம்பாதவர்கள் ஏராளமானவர்கள். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்ற இயற்பியலில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அதைக் காரணம் காட்டி நீட்டப்படும் பில்லின் மீதுதான் சந்தேகம். நிலக்கரியா, எரிவாயுவா, அணுமின்சாரமா, காற்றும் சூரியனுமா என்று வாக்குச்சீட்டு கேட்கும்போது எதன் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பழமைவாதி. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தச் சொல்பவர்தான், அதன் இடத்தில் வரப்போவது ஓடும் என்று நிரூபிக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பொறுப்பைப் பசுமைக்காரர்களுக்கு மட்டும் விதித்துவிட்டு, அணு உலைக்காரர்களையும் நிலக்கரிக்காரர்களையும் சும்மா விட்டால் அதற்குப் பெயர் ஐயம் இல்லை, வெறும் காழ்ப்பு. சுற்றுச்சூழல் அக்கறை இடதுசாரிகளின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்வது நல்லது. 1988 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் பசுங்குடில் வாயுக்களைப் பற்றி எச்சரித்துப் பேசியவர் பிரிட்டனின் அன்றைய பழமைவாதப் பிரதமர் மார்கரெட் தாட்சர். பெரிய நாட்டுத் தலைவர்கள் அந்தப் பேச்சை எடுக்காத காலம் அது.

## எதைக் கொண்டு அளப்பது

விளம்பரத்தில் வரும் "யூனிட்டுக்கு இவ்வளவுதான்" என்ற விலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அது ஆலை வாசலில் உள்ள விலை. ஒரு நிலையத்தைக் கட்டி ஓட்டும் மொத்தச் செலவை, அதன் ஆயுள் முழுதும் தரும் யூனிட்டுகளால் வகுத்துக் கிடைப்பது. அந்த யூனிட் நண்பகலில் வந்ததா, இரவு எட்டு மணிக்கு வந்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. குடையின் மதிப்பை வெயில் நாளில் கணக்கிடுவது போன்றதுதான் இது.

நான் கேட்பது ஐந்து கேள்விகள். ஆண்டின் மிக மோசமான வாரத்தில் இது மின்சாரம் தருமா? மின்கம்பி, மாற்று ஏற்பாடு, வட்டி எல்லாம் சேர்ந்து வீட்டு மீட்டரில் என்ன விலை விழும்? எரிபொருளுக்கோ உதிரிபாகத்துக்கோ யாரிடம் கையேந்த வேண்டும்? கணக்கு தப்பினால் நட்டம் யார் தலையில் விடியும், பின்வாங்க வழி உண்டா? கடைசியாக, காற்றிலும் மண்ணிலும் எதை விட்டுச் செல்கிறது?

முதல் கேள்விக்குத்தான் நான் அதிக எடை தருகிறேன். சராசரி நாளில் எந்த மின்கட்டமைப்பும் நன்றாகத்தான் ஓடும். மனிதர்கள் சாவது மோசமான வாரத்தில்.

## நிலக்கரி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிலக்கரியின் பலம் ஒன்றே ஒன்று: எரிபொருள் ஆலையின் முற்றத்திலேயே குவிந்து கிடக்கிறது. குழாயில் யாரோ திருகை மூடினாலும், மேகம் சூழ்ந்தாலும் வாரக்கணக்கில் ஓட்டலாம். கட்டி முடித்து, கடன் அடைத்த நிலையமாக இருந்தால் மீட்டர் விலையும் குறைவு.

மறைந்திருக்கும் செலவு நுரையீரலில் இருக்கிறது. ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரியால் நேரும் மரணங்கள், செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அணுமின்சாரத்தால் நேர்ந்தவற்றைவிடப் பல நூறு மடங்கு அதிகம். சாம்பல் வேறு. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்டனில் சாம்பல் குளத்தின் கரை உடைந்து, ஈரச் சாம்பல் ஆற்றிலும் வீடுகளிலும் புகுந்தது. அந்தச் செலவு எந்த யூனிட் விலையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பசுமைக்காரர்களின் மறைமுகச் செலவுகளைத் தோண்டி எடுக்கும் நம்மவர்கள் நிலக்கரிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வது நேர்மை ஆகாது.

ஆகவே, புதிய நிலக்கரி நிலையத்துக்கு நாற்பது ஆண்டுக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். இருக்கும் நிலையத்தை, மாற்று வரும் முன்பே வெடிவைத்துத் தகர்ப்பதையும் ஆதரிக்கமாட்டேன். பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃபை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. ஆனால் அதற்கு முன்பே எரிவாயுவும் காற்றாலையும் அதன் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தன. மூடுவதாக இருந்தால் அந்த வரிசையில்தான் மூட வேண்டும்.

## இயற்கை எரிவாயு

அமெரிக்க மின்துறையின் கரியமில வாயு உமிழ்வு குறைந்ததற்குப் பெரிய காரணம், மாநாடுகளில் எடுத்த உறுதிமொழிகளைவிட, பாறை இடுக்குகளிலிருந்து எரிவாயு எடுக்கும் தொழில்நுட்பம்தான். 2005 வாக்கில் அந்நாட்டு மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. 2023இல் ஆறில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது. அந்த இடத்தில் பெரும்பகுதியை எரிவாயு நிரப்பியது. எரிக்கும்போது நிலக்கரியில் பாதி அளவுதான் கரியமில வாயு. புகைக்கரியும் மிகக் குறைவு. அரசு ஆணையிடாமல், விலை மலிந்ததால் நடந்த மாற்றம் என்பதால் பழமைவாதிகளுக்கு இது பிடித்தமான கதை.

கதையின் மறுபாதியும் உண்டு. குழாயில் வரும் எரிபொருளுக்கு முற்றமும் இல்லை, குவியலும் இல்லை. 2021 பிப்ரவரி டெக்சாஸ் குளிரில் கிணற்று வாய்களும் குழாய்களும் உறைந்தன. காற்றாலைகள் உறைந்ததைத்தான் அரசியல்வாதிகள் தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஆனால் முடங்கிப்போன நிலையங்களில் பெரும்பங்கு எரிவாயு நிலையங்கள். 45 லட்சம் வீடுகள் இருண்டன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். குழாயை இயக்கும் மின்மோட்டாருக்கு மின்சாரம் நின்றதால் எரிவாயு நின்றது, எரிவாயு நின்றதால் மின்சாரம் நின்றது. இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுந்ததைப் பசுமைத் தொழில்நுட்பத்தின் மேல் போட முடியாது.

மூன்றாம் கேள்விக்கு எரிவாயுவின் பதில் இன்னும் மோசம். ரஷ்யக் குழாயை நம்பியிருந்த ஐரோப்பாவில், 2022 ஆகஸ்டில் எரிவாயுவின் மொத்தவிலை மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 300 யூரோவைத் தாண்டியது. சொந்த மண்ணில் எரிவாயு இருந்தாலும் இலவசமாக வருவதில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலில் 1963 முதல் எடுத்துக்கொண்டே இருந்ததில் நிலம் அதிர ஆரம்பித்தது, 2012இல் 3.6 அளவிலான நிலநடுக்கம். ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல். 2024இல் சட்டம் போட்டு நிரந்தரமாக மூடினார்கள். அப்புறம், கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன். இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடிக்கக்கூடியது. கசிவைக் கட்டுப்படுத்தாத நாட்டில் "பாதி உமிழ்வு" என்ற பெருமை கரைந்துவிடும்.

சொந்த எரிவாயுவோ, ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வாங்கும் துறைமுக வசதியோ, போதுமான சேமிப்புக் கிடங்கோ இருந்தால் நிலக்கரிக்கு மாற்றாக இதைவிட விரைவான வழி இல்லை. ஒரே குழாய், ஒரே விற்பனையாளர் என்றால் தள்ளி நிற்பது நல்லது.

## அணுமின்சாரம்

பழமைவாதிகளுக்கு அணு உலை என்றால் ஒரு தனி வாஞ்சை. இரவும் பகலும் ஓடும், இடம் கொஞ்சம்தான் பிடிக்கும், புகை இல்லை, பசுமைக்காரர்களுக்குப் பிடிக்காது. கடைசிக் காரணம்தான் நம்மில் பலருக்கு முதல் காரணம் என்பது என் சந்தேகம்.

பலம் உண்மையான பலம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1974இல் பிரான்ஸ் பிரதமர் பியர் மெஸ்மர் அறிவித்த திட்டத்தில் ஒரே மாதிரியான உலைகளை அடுத்தடுத்துக் கட்டினார்கள். இன்று அந்நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அணுவிலிருந்து வருகிறது. காலநிலை மாற்றம் என்ற சொல் அரசியலுக்கு வராத நாளிலேயே, எரிபொருள் பாதுகாப்பை மட்டும் நினைத்துச் செய்த வேலை. உமிழ்வைக் குறைத்ததில் பின்னால் வந்த பல பசுமைத் திட்டங்களைவிட அது அதிகம் சாதித்தது.

நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே பிரான்சின் ஃபிளமான்வில் மூன்றாவது உலை. 2007 டிசம்பரில் வேலை தொடங்கியது. 2012இல் முடியும், 330 கோடி யூரோ ஆகும் என்றார்கள். மின்கட்டமைப்பில் இணைந்தது 2024 டிசம்பரில். நிறுவனமே சொன்ன கட்டுமானச் செலவு 1,320 கோடி யூரோ. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வோக்டில் உலைகள் 1,400 கோடி டாலரில் ஆரம்பித்து 3,000 கோடி டாலரையும் தாண்டின. காற்றாலைத் திட்டம் ஒன்று இப்படி நான்கு மடங்கு ஆகியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா?

இதில் இரும்பையும் கான்கிரீட்டையும் விடக் கொடியது வட்டி. 7 சதவீத வட்டிக்கு வாங்கிய நூறு, பத்து ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். உலையோ அதுவரை ஒரு யூனிட்கூடத் தந்திருக்காது. 3 சதவீத வட்டியும் ஆறு ஆண்டுக் கட்டுமானமும் என்றால் அதே நூறு 120க்குள் நின்றுவிடும். அணுமின்சாரம் மலிவா விலை அதிகமா என்ற சண்டையில் பாதி, கடனை யார் என்ன வட்டிக்குத் தருகிறார்கள் என்பதிலும், கட்டுகிறவர்களுக்குக் கை பழகியிருக்கிறதா என்பதிலும் அடங்கிவிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பரக்காவில் கொரியர்கள் நான்கு உலைகளை 2012இல் தொடங்கி 2024இல் முடித்தார்கள். மொத்தம் 5,600 மெகாவாட். ஒரே வடிவம், ஒரே குழு, அடுத்தடுத்து. இருபது ஆண்டுகளாக உலையே கட்டாத நாடு ஒரே ஒரு புது வடிவ உலையைக் கட்டக் கிளம்பினால் ஃபிளமான்வில் கதிதான்.

நட்டம் யார் தலையில்? தெற்குக் கரோலினாவில் வி.சி. சம்மர் உலைகள் இரண்டையும் 2017இல் பாதியில் கைவிட்டார்கள். அதற்குள் சுமார் 900 கோடி டாலர் கரைந்திருந்தது. கட்டி முடிக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் வசூலிக்க மாநிலச் சட்டம் அனுமதித்திருந்ததால், ஒரு யூனிட்கூட வராத உலைக்கு மக்கள் மாதாமாதம் பணம் கட்டினார்கள். தனியார் துணிகரம் என்று மேடையில் பேசிவிட்டு, நட்டத்தை மட்டும் பொதுமக்களின் மீட்டரில் இறக்குவது எந்தப் பழமைவாதக் கொள்கையிலும் சேராது.

மோசமான வாரக் கேள்வியிலும் ஒரு திருத்தம் தேவை. ஒரே வடிவம் என்பது பலம்தான். ஒரு வடிவத்தில் ஒரு குறை தென்பட்டால் அது பல உலைகளில் ஒரே சமயத்தில் தென்படும். 2022இல் பிரான்ஸ் குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டு உலைகளை வரிசையாக நிறுத்த நேர்ந்தது. 30 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு உற்பத்தி சரிந்தது. ரஷ்ய எரிவாயு நின்ற அதே ஆண்டில், மின்சாரத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்தது.

கழிவைப் பற்றிய பயம் மிகையானது என்பது என் கருத்து. பின்லாந்து ஒல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கும் ஆழத்தில் பாறையைக் குடைந்து இடம் தயார் செய்திருக்கிறது. தொழில்நுட்பச் சிக்கல் தீரக்கூடியதுதான். ஊர்க்காரர்கள் சம்மதம்தான் பல நாடுகளில் கிடைப்பதில்லை.

ஓடும் உலையை மூடுவது வேறு கதை. கடன் அடைந்து, பாதுகாப்புச் சோதனை தேறிய உலை எந்த அளவுகோலிலும் முதலிடம் பெறும். ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. அதற்கு மூன்று மாதம் முன்பு, அதே நாட்டில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்க லுட்சராத் என்ற சிற்றூரைக் காவல்துறையை வைத்து காலி செய்தார்கள். பசுமைக் கட்சி அரசில் பங்கு வகித்த காலம் அது. எரிசக்தி அரசியலில் எனக்கு இருக்கும் அவநம்பிக்கையின் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில் அடங்கும்.

## காற்று, சூரியன், பேட்டரி

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். சூரியத் தகடுகளின் விலை 2010களில் ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. லித்தியம் பேட்டரித் தொகுப்பு 2010 வாக்கில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் சராசரி 115 டாலர். "இதெல்லாம் மானியத்தில் ஓடும் பொம்மை" என்று 2008இல் சொன்னது சரியாக இருந்திருக்கலாம். இன்று வெயில் நிறைந்த நாட்டில் நண்பகல் மின்சாரத்துக்கு இதைவிட மலிவான புது நிலையம் கிடையாது. இதை மறுக்கிற சந்தேகவாதி பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

என் சண்டை அடுத்த கட்டத்தில் ஆரம்பிக்கிறது. நூறு மெகாவாட் தேவைப்படும் ஒரு நகரத்தை வைத்துக்கொள்வோம். வழக்கமாக நிறுவப்படும் நான்கு மணி நேர பேட்டரி என்றால் அதற்கு 400 மெகாவாட் மணி. நண்பகல் வெயிலைச் சேமித்து இரவு பத்து மணி வரை தள்ளிக்கொண்டுவர அது போதும்; கலிபோர்னியாவில் இது தினமும் நடக்கிறது. இப்போது காற்றும் அடங்கி, வானமும் மூடிய ஒரு வாரம் வருகிறது. தேவை 16,800 மெகாவாட் மணி. அதே மாதிரி பேட்டரி 42 வேண்டும். தொகுப்பு விலையை மட்டும் கணக்கிட்டாலே 190 கோடி டாலருக்கு மேல். ஒரே ஒரு நூறு மெகாவாட் நகரத்துக்கு, ஆண்டில் ஓரிரு முறை வரும் வாரத்துக்காக.

இப்படி யாரும் பேட்டரி வாங்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். உண்மையில் நடப்பது வேறு: பக்கத்தில் ஒரு எரிவாயு நிலையம் ஆண்டில் பெரும்பாலான நாள் சும்மா நின்றுகொண்டு, ஊழியருக்குச் சம்பளமும் கடனுக்கு வட்டியும் வாங்கிக்கொண்டிருக்கும். ஆக, இரண்டு கட்டமைப்புகளுக்குப் பணம் கட்டுகிறோம். இதை ஒளிக்காமல் சொல்லி, "இரண்டும் சேர்ந்து இவ்வளவு விலை, எரிபொருள் செலவில் இவ்வளவு மிச்சம்" என்று கணக்கு வைத்தால் நான் உட்கார்ந்து கேட்பேன். சில இடங்களில் அந்தக் கணக்கு பசுமைக்குச் சாதகமாகவே வரும். ஒளித்து வைப்பதால்தான் சந்தேகம்.

காற்றும் வெயிலும் சேர்ந்து மறையும் நாட்களுக்கு ஜெர்மானியர்கள் 'டுங்கல்ஃபிளவுட்டே' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 12 மாலை அப்படி ஒன்று. வெயில் இல்லை, காற்று இல்லை, வீடு திரும்பியவர்கள் விளக்கையும் அடுப்பையும் போடும் நேரம். மொத்தச் சந்தையில் மெகாவாட் மணி 936 யூரோவுக்குப் போனது. அந்த ஆண்டின் சராசரியைப் போல் பத்து மடங்குக்கும் மேல். கம்பி வழியாக இணைந்திருந்த தெற்கு ஸ்வீடனிலும் விலை ஏறியதால், ஸ்வீடன் எரிசக்தி அமைச்சர் எப்பா புஷ் ஜெர்மனி அணு உலைகளை மூடியதைப் பகிரங்கமாகக் குறை சொன்னார். அதே ஆண்டின் கோடை நண்பகல்களில் ஜெர்மனியில் விலை பல நூறு மணி நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது. மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் காசு தருகிறோம் என்ற நிலை. வேண்டாதபோது குவிவதும் வேண்டும்போது வராததும் சராசரியில் ஒன்றாகிவிடும், மீட்டரில் ஆகாது.

கம்பி இன்னொரு செலவு. ஜெர்மனியின் காற்று வடக்கில் வீசுகிறது, தொழிற்சாலைகள் தெற்கில் இருக்கின்றன. இடையே சூட்லிங்க் என்ற சுமார் 700 கிலோமீட்டர் வழித்தடம் 2022இல் முடிவதாக இருந்தது. கோபுரம் வேண்டாம் என்று பவேரியாவில் எதிர்ப்பு கிளம்பி, கம்பியை மண்ணுக்கடியில் புதைக்க முடிவு செய்து, இப்போது 2028 என்கிறார்கள். காற்றாலைக்கு ஓட்டுப் போட்டவர்களே கம்பிக்கு வழக்குப் போடுவது எந்த நாட்டிலும் நடக்கும். திட்ட மதிப்பீட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்குவது நல்லது.

ஸ்பெயின் மின்தடையைப் பற்றி நம் பக்கத்தில் நிறையத் தவறாகப் பேசுகிறார்கள். 2025 ஏப்ரல் 28, நண்பகல் 12:33. சில நொடிகளில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. "சூரிய மின்சாரம்தான் காரணம்" என்று அன்று மாலையே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். விசாரணையில் வெளிப்பட்டது மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்ததும், அதை அடக்க வேண்டிய நிலையங்கள் போதிய அளவு அடக்காததும். அடக்கத் தவறியவற்றில் பழைய வகை நிலையங்களும் உண்டு. சூரிய நிலையங்களால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியும். ஆனால் அந்த வேலையைச் செய்ய அன்றைய ஸ்பெயின் விதிகள் அவற்றை விடவில்லை. நான் எடுக்கும் பாடம் இது: கட்டமைப்பு மாறும் வேகத்துக்கு விதிப்புத்தகம் மாறவில்லை. தகட்டின் குற்றம் என்று சொல்வதைவிட அவசரத்தின் குற்றம் என்று சொல்லலாம்.

கையேந்தும் கேள்வியில் இந்த வழி எரிவாயுவுக்குச் சளைத்ததல்ல, ஆனால் வகை வேறு. தகட்டுத் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவில் தோண்டப்படுகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதும், சில வெளிநாட்டு வாகன ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. கடல் காற்றாலைகளின் காந்தங்களுக்கும் அதே தனிமங்கள்தான். ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். எரிவாயு நின்றால் நாளையே விளக்கு அணையும். தகடு வருவது நின்றால் ஏற்கெனவே பதித்த தகடு இருபத்தைந்து ஆண்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வட்டி இங்கேயும் கடிக்கும். எரிபொருள் செலவு இல்லாததால் செலவு முழுவதும் முதலிலேயே விழுகிறது. 2023இல் வட்டி ஏறியபோது பிரிட்டனின் ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை; அரசு உச்சவரம்பை மெகாவாட் மணிக்கு 44 பவுண்டிலிருந்து 73 பவுண்டாக உயர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆர்ஸ்டட் நிறுவனம் நியூ ஜெர்சி கடலில் திட்டமிட்டிருந்த இரண்டு காற்றாலைத் திட்டங்களையும் கைவிட்டது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், அந்த நட்டத்தின் பெரும்பங்கை நிறுவனமே தாங்கியதுதான்.

## அருகருகே வைத்தால்

| வழி | மோசமான வாரம் | மறைந்த செலவு | கையேந்துதல் | தப்பினால் |
|---|---|---|---|---|
| இருக்கும் நிலக்கரி | தாங்கும் | நுரையீரல், சாம்பல் | உள்நாட்டுச் சுரங்கம் இருந்தால் இல்லை | எப்போது வேண்டுமானாலும் மூடலாம் |
| எரிவாயு | கிடங்கு இருந்தால் தாங்கும் | விலைத் துள்ளல், மீத்தேன் கசிவு | குழாய்க்காரரிடம் தினமும் | முதலீடு குறைவு, நட்டமும் குறைவு |
| ஓடும் அணு உலை | தாங்கும் | பராமரிப்பு, கழிவு | குறைவு | மூடினால் திரும்பத் திறப்பது அரிது |
| புதிய அணு உலை | பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும் | வட்டி, தாமதம் | வடிவமைத்த நாட்டிடம் | மிகப் பெரிய நட்டம் |
| காற்று, சூரியன், பேட்டரி | தனியாகத் தாங்காது | கம்பி, காத்திருக்கும் மாற்று நிலையம் | வாங்கும்போது மட்டும் | சிறிது சிறிதாகக் கட்டலாம், நிறுத்தலாம் |

கடைசி வரிசையின் கடைசிக் கட்டம் என் தரப்பினர் பலருக்குக் கசக்கும். பின்வாங்க முடிவது பழமைவாத நற்குணம் என்றால், ஒரே மூச்சில் 3,000 கோடி டாலரைப் பணயம் வைக்கும் உலையைவிட, நூறு மெகாவாட்டாகக் கூட்டிக்கொண்டே போய் வேண்டாம் என்றால் நிறுத்திவிடக்கூடிய சூரியப் பண்ணைதான் அந்தக் குணத்துக்கு நெருக்கமானது.

## எப்படித் தள்ளுவது: மானியம், தடை, வரி

தொழில்நுட்பத்தைவிட அதைத் தள்ளும் முறைதான் பணத்தைத் தின்கிறது. ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் சூரிய, காற்று மின்சாரத்துக்கு 20 ஆண்டு நிலையான விலையை உறுதி செய்தது. தகடு மிக விலை உயர்ந்த காலத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு, தகடு மலிந்த பிறகும் பழைய விலையே. அந்த விலையைக் கொடுக்க மின்பில்லில் சேர்த்த கூடுதல் கட்டணம் 2017இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட்டைத் தொட்டது. கூரையில் தகடு பதிக்க வசதியுள்ளவர் வாங்கிய தொகையில், வாடகை வீட்டில் இருந்தவரின் பங்கும் இருந்தது. 2022 ஜூலையில் பில்லிலிருந்து எடுத்துவிட்டு அரசு நிதிக்கு மாற்றினார்கள். கட்டுபவர் அதே மக்கள்தான். ஆனால் அந்த ஆரம்பச் செலவுதான் உலகச் சந்தையை உருவாக்கித் தகட்டை மலிவாக்கியது என்ற வாதத்தையும் என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. ஜெர்மானியர் கட்டியதில் உலகம் பயனடைந்தது. ஜெர்மன் வாக்காளரிடம் யாரும் அப்படிச் சொல்லி அனுமதி வாங்கவில்லை.

வெற்றியாளரை அரசு தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சோலிண்ட்ரா இருக்கிறது: அமெரிக்க அரசு 53.5 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்ற இந்தச் சூரியத் தகடு நிறுவனம் 2011இல் திவாலானது.

கரியமில வாயு உமிழ்வின் மீது விதிக்கும் கார்பன் வரியைப் பொருளாதார அறிஞர்கள் விரும்புகிறார்கள். எந்தத் தொழில்நுட்பம் என்று அரசு சொல்வதில்லை, விலை மட்டும் சொல்கிறது என்பதால் கோட்பாட்டில் எனக்கும் பிடிக்கும். நடப்பில் அது நிலைப்பதில்லை. ஆஸ்திரேலியா 2012இல் கொண்டுவந்து 2014இல் ரத்து செய்தது. பிரான்சில் 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் சாலைக்கு வந்ததும் அரசு பின்வாங்கியது. கனடா 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான கட்டணத்தை நீக்கியது, வசூலித்ததைத் திருப்பிக் கொடுத்துவந்தபோதும். பஸ் வசதி இல்லாத ஊரில் காரில் வேலைக்குப் போகிறவருக்கு மாற்று வழி ஒன்று இருந்தால்தான் வரி அவரை மாற்றும். இல்லாவிட்டால் அவரது வாக்கை மாற்றும்.

மீதமுள்ள இரண்டு கருவிகளில் ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் ஒதுக்குவதை ஆதரிக்கிறேன், தேதி குறித்துத் தடை விதிப்பதை எதிர்க்கிறேன். ஆராய்ச்சி தோற்றால் போவது ஆய்வுக்கூடச் செலவு.

## யார் எதன் பக்கம்

ஓடும் அணு உலை உள்ள இடத்தில் முதல் வேலை அதை ஓடவிடுவது. அதை மூடச் சொல்லும் கட்சி வேறு என்ன நல்லது சொன்னாலும் நான் வாக்களிக்கமாட்டேன்.

ஆண்டு முழுதும் வெயில் அடித்து, மின்தேவையும் பகலில் குளிரூட்டியால் உச்சம் தொடும் நாடு என்றால் சூரியனும் நான்கு மணி நேர பேட்டரியும் பெரும்பகுதியைச் சுமக்கும். இருக்கும் அனல்மின் நிலையங்களை மோசமான வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே சூரியனை எதிர்ப்பது பிடிவாதம். இருண்ட நீண்ட குளிர்காலத்தில் உச்சம் தொடும் நாட்டில் அதே ஏற்பாட்டை நகலெடுப்பது அதைவிடப் பெரிய பிடிவாதம்; அங்கே அணுவும் நீர்மின்சாரமும், இல்லாவிட்டால் கிடங்கோடு கூடிய எரிவாயுவும் முதுகெலும்பாக இருந்து, காற்றாலை எரிபொருளை மிச்சப்படுத்தும் வேலையைச் செய்யலாம்.

நிலக்கரிப் புகையில் மூச்சு முட்டும் நகரங்களுக்கு, சுத்தமான மாற்று எதுவானாலும் விரைவாக வருவதே நல்லது. அங்கே எரிவாயுவை அழுக்கு என்று ஒதுக்குவது ஆடம்பரம். புதிய அணு உலையை, குறைந்தது நான்கைந்து ஒரே வடிவ உலைகளை அடுத்தடுத்துக் கட்டும் உறுதியும் குறைந்த வட்டிக் கடனும் இருந்தால் மட்டும் ஆதரிக்கலாம்.

தொகுதி வேட்பாளரிடம் ஒன்றே ஒன்று கேட்க வாய்ப்புக் கிடைத்தால், நான் மூடும் தேதியைப் பற்றிக் கேட்பேன். "2035க்குள் மூடப்படும்" என்ற வரிக்குப் பதிலாக, "மாற்று ஏற்பாடு தொடர்ந்து இரண்டு உச்சத்தேவைப் பருவங்களைத் தாங்கிய பிறகு மூடப்படும், அதுவரை பழைய நிலையத்தின் ஊழியரும் எரிபொருளும் தயார்நிலையில் இருக்கும், அந்தச் செலவு திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்படும்" என்று சட்ட முன்வரைவில் எழுதச் சம்மதிக்கிறாரா என்று. சம்மதித்தால் அவர் எந்தக் கட்சி என்று நான் பார்க்கமாட்டேன்.